ஹார்ட் டிஸ்க் விழுந்தது

1999 செப்டம்பர் 6, திங்கள்

கல்லடிப் பாலத்தில் வரிசை நீளம். கடைக்கு வந்து சேரும்போதே வெயில் ஏறிவிட்டது. சாவடியில் சோதித்த பெண் இன்று பையை மட்டும் பார்த்துவிட்டு விட்டாள்.

நான் தட்டச்சு வேலை பார்த்த பாதருடைய அலுவலகம் மூடின நாளிலிருந்து, வீட்டில் தனியே இருந்தால் கண்டதையும் யோசிப்பேன் என்று என் கணவர் யாக்கோப்பு என்னையும் கடைக்குக் கூட்டிப் போகிறார். ரவுண் கடைத்தெருவில் முகைதீன்பாவா நானாவின் புடவைக்கடைக்குப் பக்கத்தில் ஓர் அறை, அதுதான் இவருடைய கொம்பியூட்டர் திருத்துகிற கடை. மேசை முழுக்கத் திறந்து போட்ட பெட்டிகள். "மூணு வருசம் கொம்பியூட்டரில தட்டியிருக்கா, உள்ளுக்குள்ள என்ன கிடக்கு எண்டு ஒண்டும் தெரியா" என்று நானாவுக்குச் சொல்லிச் சிரித்தார். சிரிக்கட்டும். தெரியாதுதான்.

இன்று ஒரு பெட்டியின் மூடியைக் கழற்றிப் பேர் சொல்லித் தந்தார். எல்லோரும் சி.பி.யு. என்று சொல்கிற அந்தப் பெட்டி சி.பி.யு. இல்லையாம். வெறும் கூடு. உள்ளே விசிறிக்குக் கீழே ஒளிந்திருக்கிற, பிஸ்கட் அளவான சில்லுத்தான் சி.பி.யு. எல்லாம் குந்தியிருக்கிற பச்சைத் தட்டு மதர் போர்ட். கரண்டைப் பிரித்துக் கொடுப்பது பவர் சப்ளை. சீப்புப் போல நிமிர்ந்து நிற்பது றாம். கையில் எடுத்தால் கனக்கிற இரும்புத் துண்டு ஹார்ட் டிஸ்க். எழுதினதெல்லாம் அதற்குள்தான் கிடக்குமாம்.

"அப்ப மொனிற்றர்?"

"அது காட்டுறது மட்டும். அதை உடைச்சுப் பார்த்தாலும் ஒரு எழுத்து இருக்காது."

இத்தனை நாளும் நான் அதைத்தான் கொம்பியூட்டர் என்று நினைத்திருந்தேன். சொல்லவில்லை.

செப்டம்பர் 9

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து இப்படித்தான் வரும்.

அலுவலகத்துக் காவல்காரர் இளையதம்பி அண்ணன் கடை வாசலுக்கு வந்து நின்றார். சைக்கிளை விட்டு இறங்கவில்லை. நேற்று அலுவலகத்துக்கு ஆட்கள் வந்து பூட்டை உடைத்துக் கொம்பியூட்டரைக் கொண்டு போய்விட்டார்களாம். நான் சொன்னேன், அது கான்வென்டில்தானே இருக்கிறது, நீங்கள்தானே கொண்டு போய் ஒளித்து வைத்தீர்கள் என்று.

ஓம், நான்தான் கொண்டு போனேன் என்றார். சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கட்டி, கண்ணாடி உடையாமல் கொண்டு போய்க் கொடுத்தாராம். கீழே மேசைக்குள் கிடந்த பெட்டியைப் பற்றி ஒருத்தரும் தனக்குச் சொல்லவில்லையாம்.

அவர் கொண்டு போனது மொனிற்றர்.

"கொம்பியூட்டரைக் கொண்டு போய்க் குடுங்க" என்று அவருக்குச் சொன்னது நான். பாதர் எனக்குச் சொன்னார், நான் அவருக்குச் சொன்னேன். மூன்று பேருடைய மனதிலும் இருந்தது அந்தக் கண்ணாடி மட்டும்.

மூன்று வருஷமாகத் தாய்மார் வந்து சொன்னதெல்லாம் பெட்டிக்குள் கிடக்கிறது. யாருடைய பிள்ளையை, எந்த இடத்தில், எந்த வாகனத்தில், யார் வந்து பிடித்தது. பேர் தெரிந்தவர்கள் பேரும் சொன்னார்கள். அச்சடித்த தாள்களைப் போன மாதம் மிரட்டித் தொலைபேசி வந்த கையோடு பாதர் அடுப்பில் வைத்துவிட்டார். மிச்சம் இருந்தது இது ஒன்றுதான். இதிலே பேர் வந்தவர்கள் இதை வாசித்தால் சொன்ன அம்மாமாரை விடுவார்களா? தட்டின என்னை விடுவார்களா?

செப்டம்பர் 10

சாப்பிடவில்லை. வாகனச் சத்தம் கேட்டால் எழும்பிப் போய்க் கதவுத் தாழ்ப்பாளைப் பார்க்கிறேன்.

செப்டம்பர் 13, திங்கள்

இவருக்கு எல்லாம் சொன்னேன்.

கரண்ட் இல்லாமல் பெட்டி இத்தனை நாள் கிடந்தால் எழுதினது அழிந்து போகாதா என்று கேட்டேன். றாமில் இருப்பதுதான் கரண்ட் போனால் போகும், ஹார்ட் டிஸ்க்கில் இருப்பது வருஷக்கணக்கில் கிடக்கும் என்றார். சிலதை நான் அழித்தேனே என்றேன். அழித்தாலும் போகாதாம். பேரை மட்டும்தான் எடுக்குமாம், எழுதினது அப்படியே கிடக்குமாம், தெரிந்தவன் தோண்டி எடுப்பானாம்.

"அப்ப என்னதான் செஞ்சா போகும்?"

உள்ளே தட்டு ஒன்று சுழலும், அதற்கு மேலே தொட்டும் தொடாமலும் ஊசி ஒன்று நிற்கும் என்று கையால் காட்டினார். ஓடிக்கொண்டிருக்கும்போது விழுந்தால் ஊசி தட்டைக் கீறிவிடும், பிறகு அதில் ஒன்றும் எடுக்க ஒண்ணாது. அதனால்தான் வேலை செய்யும்போது மேசையை ஆட்டாதே என்று என்னை ஏசுகிறாராம்.

அது அவர்களிடத்தில் கிடக்கிறது. எங்கே விழப்போகிறது.

இதையெல்லாம் எழுதக் கூடாது என்று தெரியும். எழுதாவிட்டால் நான் ஆருட்டச் சொல்ற?

செப்டம்பர் 20

இவர் சாமான் வாங்கக் கொழும்புக்குப் போய்விட்டார். போகவேண்டாம் என்றேன். கடை நடக்க வேண்டாமா என்றார். நானா பக்கத்தில் இருக்கிறார், பயப்படாதே என்றார். பொலன்னறுவைப் பக்கம் எல்லாப் பஸ்ஸையும் இறக்கிச் சோதிக்கிறார்களாம்.

செப்டம்பர் 23, வியாழன்

மாதாவே, இதை எப்படி எழுதுவேன். ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

மத்தியானம் வாகனம் ஒன்று வந்து நின்றது. துவக்கோடு இரண்டு பேர் வாசலில் நின்றுகொண்டார்கள். மூன்றாமவர் சிவில் உடுப்பு. நல்ல தமிழ், ஆனால் எங்களுடைய பக்கத்துத் தமிழ் இல்லை. கையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். முன்பக்கத்தில் நான் ஒட்டின சின்ன மாதா படம். பாதி கிழிந்திருந்தது.

யாக்கோப்பு எங்கே என்று கேட்டார். கொழும்பு என்றேன். நீங்கள் யார்? அவருடைய மனைவி. வேலை தெரியுமா?

"ஒள்ளுப்பம்."

ஏன் கொஞ்சம் தெரியும் என்று சொன்னேன்? தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்ல வாய் வரவில்லை.

பெட்டி வேலை செய்யவில்லையாம். கரண்டைப் போட்டேன். பீப், பீப் என்று கத்தினது. எனக்கு விளங்கிவிட்டது. ஜீப்பில் குலுங்கி றாம் கழன்றிருக்கிறது. எடுத்து, முனையை அழிறப்பரால் தேய்த்து, திரும்பக் குத்தினால் சரி. இது பழுது, அவர் வந்துதான் பார்க்க வேண்டும், வைத்துவிட்டுப் போங்கள் என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு, "அப்ப ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டி உங்கட மெஷினில போடுங்க அக்கா" என்றார்.

அவருக்கு அதன் பேர் தெரிந்திருந்தது.

ஸ்குரூக்களைக் கழற்றினேன். ஒன்று கீழே விழுந்தது, அவரே குனிந்து எடுத்துத் தந்தார். எங்கள் பெட்டியின் பக்கத்தில் மேசையில் ஹார்ட் டிஸ்க்கை வைத்து, உள்ளேயிருந்து கேபிளை இழுத்துக் கொளுவினேன். பட்டைக் கேபிள் கட்டை. மேசை ஓரம் வரைக்கும்தான் வந்தது. சுவிச்சைப் போட்டேன். ஹார்ட் டிஸ்க் விசில் மாதிரி ஒரு சத்தத்தோடு சுழலத் தொடங்கினது. திரையில் மேகப் படம் வந்து அப்படியே நின்றது. எங்கள் மெஷின் மெதுவானது. வாசலில் நின்றவன் ஏதோ சொல்லிக் கூப்பிட, அவர் எழும்பிப் போய் வெளியில் நின்று கதைத்தார்.

அந்த நேரம் திரை திறந்தது. புதிதாக ஒரு டிரைவ். உள்ளே போனேன். ஏன் போனேன் என்று தெரியாது, பார்க்காமல் இருக்க முடியவில்லை. பேர்கள். நான் இங்கிலிஷ் எழுத்தில் தட்டி வைத்த பேர்கள், ஒன்றுக்குக் கீழே ஒன்றாக. இரத்தினம்மா. சீதேவிப்பிள்ளை. கண்ணகை. குருக்கள்மடத்துக் கண்ணகை அக்கா, பகலில் வயல் வட்டையில் நெல்லுக் காவலுக்கு நின்ற மகனைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் ஆர் எண்டு எனக்கு முன்னால கதிரையில இருந்து, சேலைத் தலைப்பால வாயைப் பொத்திப் பொத்திச் சொன்ன அக்கா.

அவர் உள்ளே வரத் திரும்புகிற காலடி கேட்டது. திரையில் திறந்ததை மூட மவுஸை எடுக்கப் போனேன். கை எங்க போனதெண்டு தெரியா. கேபிளில பட்டதா, ஹார்ட் டிஸ்க்கில பட்டதா… சீமெந்தில டம் எண்டு விழுந்தது. ஓடிக்கொண்டிருந்த மாதிரியே விழுந்தது. பிறகு டக், டக், டக் எண்டு உள்ளுக்குள்ள ஒரு சத்தம். திரை நீலமாகிவிட்டது.

ஓடி வந்தார். என்ன நடந்தது என்றார். விழுந்திட்டு என்றேன். அவர் அதைத் தூக்கவில்லை. என்னுடைய கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். கை ஆடிக்கொண்டே இருந்தது, இழுத்துப் பிடித்தும் நிற்கவில்லை.

"என்னத்துக்கு அக்கா இவ்வளவு பயம்?"

வாசலில் நின்ற துவக்குகளைப் பார்த்தேன். அவரும் திரும்பி அவற்றைப் பார்த்தார். அடையாள அட்டையை வாங்கி இலக்கம் எழுதிக்கொண்டார். ஹார்ட் டிஸ்க்கையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

நானா வந்து தண்ணீர் தந்தார். கிளாஸ் பல்லில் அடித்தது.

செப்டம்பர் 24

விழுந்ததா? விழுத்தினேனா?

செப்டம்பர் 26, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. இவர் இன்று வருவதாகச் சொன்னவர்.

மதியம் திரும்பினதும் நானா சைக்கிளில் வந்தார். வாசலிலேயே அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டேன். இவர் பஸ்ஸால் இறங்கி, கடையை எட்டிப் பார்த்துவிட்டு, சாமான் பையோடு வீட்டுக்கு நடந்திருக்கிறார். பாலத்துச் சாவடியில் மறித்துப் பையைக் கொட்டிப் பார்த்து, வாகனத்தில் ஏற்றிவிட்டார்களாம்.

"வயர், பற்றரி எல்லாம் இருந்ததெண்டு கதைக்கிறாங்க தங்கச்சி. நான் நாளைக்கு உங்களோட வாறன். எனக்குச் சிங்களம் தெரியும்."

பற்றரி. மதர் போர்ட்டில் நேரம் தவறாமல் இருக்கப் போடுகிற, சட்டைப் பொத்தான் அளவு பற்றரி. அதை வைத்து என்ன செய்யலாம் என்று நினைப்பார்கள்? நினைக்க வேண்டியதை நினைப்பார்கள்.

செப்டம்பர் 27

முகாம் வாசல். அப்படி ஒருத்தரும் இங்கே இல்லை என்கிறார்கள். அவருடைய செருப்பைக் காவல் கூடாரத்துக்குப் பக்கத்தில் கண்டேன்.

செப்டம்பர் 29

இன்று உள்ளே விட்டார்கள். என்னை மட்டும். நானா வெளியில்.

சிவில் உடுப்புக்காரர் இருந்தார். மேசையில் பழைய பேப்பரை விரித்து இவருடைய பையில் இருந்ததெல்லாம் பரப்பியிருந்தார். ஒவ்வொன்றாகத் தொட்டு, இது என்ன, இது என்ன என்று கேட்டார். எல்லாவற்றினுடைய பேரும் நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் இது குண்டுச் சாமான் இல்லை என்று இவரைக் காப்பாற்றலாம். ஆனால் சொன்னால், எனக்கு வேலை தெரியும் என்றாகும். தெரிந்தவள் விழுத்தினாள் என்றாகும்.

நான் என்ன செய்ய? அந்தக் கதிரையில் இருந்துகொண்டு ஒரு நிமிஷத்தில் முடிவெடுக்க வேண்டும். இவரும் இதே கேள்விக்கு ஏதோ சொல்லியிருப்பார். என்ன சொன்னாரோ?

எல்லாம் கொம்பியூட்டர் சாமான், பேர் தெரியாது என்றேன். றாமைக் காட்டினார், சீப்புப் போல இருக்கிறது என்றேன். கொம்பியூட்டர் என்றால் எது என்று கேட்டார். "அந்த ரீவி மாதிரி இருக்கிறதுதானே" என்றேன். பக்கத்தில் நின்றவனுக்கு அவர் அதைச் சிங்களத்தில் சொல்ல, அவன் சிரித்துவிட்டான். அவர் சிரிக்கவில்லை.

"நீங்கதானே அக்கா கழட்டினீங்க?"

"இவர் கழட்டுறதைப் பார்த்திருக்கன். அதுபோலக் கழட்டினன்."

"ஓடிக்கொண்டிருக்கும்போது விழுந்தா என்ன நடக்கும் எண்டு உங்கட மனிசர் சொல்லித் தரல்லையா?"

"இல்ல."

ஹார்ட் டிஸ்க்கைக் கொழும்புக்கு அனுப்பியிருக்கிறார்களாம். அங்கே எடுத்துப் பார்த்துச் சொல்வார்களாம். அதுவரைக்கும் இவர் இங்கேதான்.

கொழும்பில் படித்த ஆட்கள் இருப்பார்கள். எடுத்துவிட்டால்? இவர் வேறு மாதிரிச் சொல்லியிருந்தால்?

அக்டோபர் 5, செவ்வாய்

கண்ணகை அக்கா வந்தா. குருக்கள்மடத்திலிருந்து முதல் பஸ்ஸுக்கு ஏறி வந்திருக்கிறா. கொம்பியூட்டர் பிடிபட்டது என்று ஊரில் கேள்விப்பட்டிருக்கிறா. வீட்டுக்குள் வந்ததும் கதவைச் சாத்தச் சொன்னா.

"நான் சொன்னதும் அதுக்குள்ளயா புள்ள?"

ஓம் என்றேன். பிறகு நடந்ததைச் சொன்னேன். கொழும்பில் பார்த்தாலும் இனி ஒருத்தராலும் வாசிக்க ஒண்ணாது, உங்களுக்கு ஒன்றும் வராது என்று சொன்னேன். அவ ஆறுதலடைவா என்று நினைத்தேன்.

அவ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தா.

"அப்ப என்ட புள்ளைக்கு நடந்தது வேற எங்க எழுதிக் கிடக்கு?"

இதை நான் யோசிக்கவே இல்லை. ஆண்டவரே, ஒருநாள்கூட யோசிக்கவில்லை. பயம் மட்டும்தான் எனக்கு இருந்தது. வேறு எங்கேயும் இல்லை என்று சொன்னேன். அக்காவின் மகன் விநாயகமூர்த்தியின் பேரை நானே தட்டியிருக்கிறேன், நானே இல்லாமல் செய்துவிட்டேன்.

ஏசுவா என்று காத்திருந்தேன். ஏசவில்லை. முகாமுக்கு எத்தனை மணிக்குப் போகிறாய் என்று கேட்டா. நீங்கள் வரவேண்டாம், உங்களை அங்கே ஆரும் பார்த்தால் கூடாது என்றேன்.

"எனக்கு இனி என்னகா இருக்கு. வா, நானும் வாறன்."

முகாம் வாசலில் மர நிழலில் பின்னேரம் வரைக்கும் என் பக்கத்தில் இருந்தா.

அக்டோபர் 11

மழை தொடங்கிவிட்டது. செருப்பு இப்போது அந்த இடத்தில் இல்லை.

அக்டோபர் 14

இன்று முகாம் காவலில் நின்ற ஒருத்தன் என்னிடம், நாளைக்கு வரவேண்டாம் என்றான். ஏன் என்று கேட்டேன். சொல்லவில்லை. நாளைக்கும் போவேன்.

அக்டோபர் 19, செவ்வாய்

விட்டுவிட்டார்கள். கொழும்பிலிருந்து பதில் வந்ததாம். எடுக்க முடியாதாம்.

வாசலுக்கு வெளியே வந்து என்னைக் கண்டு நின்றார். தாடி. வலது கையைத் துணியில் சுற்றியிருந்தார். நானா ஆட்டோ பிடித்து வந்தார்.

அக்டோபர் 25

இவருடைய வலது கையில் மூன்று விரல் மடங்காது. ஸ்குரூ டிரைவரைப் பிடிக்கப் பார்க்கிறார், நழுவி விழுகிறது. ஆஸ்பத்திரியில் எலும்பு பொருந்தும், நரம்புக்குச் சொல்ல முடியாது என்றார்கள். எங்கே நடந்தது என்று அவர்களும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

இன்று கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது தானாகவே சொன்னார். திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் கேட்டார்களாம். மனைவிக்கு வேலை படிப்பித்தாயா, இல்லையா?

"நான் சொன்னன், அவ கடை கூட்ட வாறவ, மொனிற்றருக்கும் பெட்டிக்கும் வித்தியாசம் தெரியா எண்டு."

நான் அங்கே சொன்னதையும் சொன்னேன். கரண்டி பாதியில் நின்றது. இரண்டு பேரும் இரண்டு அறையில் இருந்து ஒரே பொய்யைச் சொல்லியிருக்கிறோம். ஒரு சொல் பிசகியிருந்தால்?

பிறகு கேட்டார். "விழுந்ததா, விழுத்தினியா?"

"தெரியா" என்றேன். அது உண்மை. அவர் இடது கையால் கரண்டியைப் பிடித்துக் குடிக்கத் தொடங்கினார். திரும்பக் கேட்கவில்லை.

நவம்பர் 3

கடை திறந்தேன். நான் கழற்றுகிறேன், இவர் கதிரையில் இருந்து சொல்கிறார். செங்கலடியிலிருந்து ஒரு மாஸ்டர் பிரிண்டர் கொண்டு வந்தார். வாகனம் ஒன்று கடைக்கு முன்னால் மெதுவாகப் போனது. இரண்டு பேரும் கையை வைத்த இடத்திலேயே வைத்துக்கொண்டிருந்தோம். போய்விட்டது.

நவம்பர் 17, புதன்

வாவியில் வெள்ளம் ஏறியிருக்கிறது. பாலத்துக்குக் கீழே தண்ணீர் மண் நிறம்.

கண்ணகை அக்கா கடைக்கு வந்தா. நனைந்த குடையை வெளியில் விரித்து வைத்துவிட்டு, நான் வேலை செய்கிற மேசைக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தா.

"எழுது புள்ள."

இப்போது வேண்டாம் அக்கா, கொஞ்ச நாள் போகட்டும் என்றேன். கொஞ்ச நாள் போனால் தனக்கு மறந்து போகும் என்றா. இப்பவே அவன் போட்டிருந்த சட்டை நீலமா பச்சையா என்று சந்தேகம் வருகிறதாம். இவரைத் திரும்பிப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்லட்டும் என்றுதான் பார்த்தேன். இவர் எழும்பிப் போய்க் கடை வாசலில் கதிரையைப் போட்டு, தெருவைப் பார்த்துக்கொண்டு இருந்தார். நானா புடவைக்கடை வாசலுக்கு வந்து நின்றார்.

தட்டினேன். விரல் பிழை பிழையாக விழுந்தது. தெருவில் ஹோர்ன் அடிக்கிற ஒவ்வொரு தரமும் நின்றேன். அவ நிற்கவில்லை. முதல் தரம் சொன்ன மாதிரி வாயைப் பொத்தவும் இல்லை. பேர்களைச் சொன்னா, வாகனத்தின் நிறத்தைச் சொன்னா, வரம்பில் கிடந்த சாப்பாட்டுப் பார்சலைச் சொன்னா.

எங்களுடைய ஹார்ட் டிஸ்க்கில் வைக்கவில்லை. பயமாக இருந்தது, அதை அவவிடம் சொன்னேன். ஒரு பிளொப்பி டிஸ்க்கில் மட்டும் ஏற்றி எடுத்தேன். இதை எங்கே வைப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அவ கையை நீட்டினா.

"கொண்டா. இது என்னட்ட இருக்கட்டும்."

வெயிலில் வைக்கவேண்டாம், தண்ணீர் படக் கூடாது, காந்தத்துக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது, ரேடியோப் பெட்டிக்கு மேலேயும் வைக்கக் கூடாது, ஸ்பீக்கருக்குள் காந்தம் இருக்கிறது என்றேன். எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்றா. வெற்றிலைப் பையில் பாக்குச் சரையோடு போட்டு இடுப்பில் செருகிக்கொண்டா.

பின்னேரம் ஒன்றாகப் பாலத்துக்கு வந்தோம். வேறு வழி இல்லை. வரிசையில் அவ எனக்கு முன்னால். திரும்பிப் போவோம் என்று சேலையைப் பிடித்து இழுத்தேன். அவ கையைத் தட்டிவிட்டா.

சோதிக்கிற பெண் வெற்றிலைப் பையை எடுத்து உதறினாள். பாக்கு, சுண்ணாம்பு, பஸ் காசு. பிளொப்பி. அதைத் தூக்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். தெரிந்த கொஞ்சத் தமிழில், இது என்ன என்று கேட்டாள்.

கண்ணகை அக்கா அவளுடைய முகத்தை நேராகப் பார்த்தா.

"என்ட மகன்ட."

"மகன் படிக்கிற?"

"ஓம். படிக்கிறான்."

அவள் அதைப் பைக்குள் திரும்பப் போட்டாள்.